பலகைக்கு யாருப்பா விலை பேசுனது?

வா பேராண்டி, உக்காரு. ராத்திரி ரெண்டு மணிக்கும் உன் ரூம்புல வெளிச்சம். புள்ள பரீட்சைக்குப் படிக்கிறான்னு உங்கப்பத்தா திருநீறு எடுத்துக்கிட்டு ஓடியாந்தா. எட்டிப் பாத்தா நிஃப்டி சார்ட்டு! மேல பச்சையும் செவப்புமா கேண்டில், அடியில வால்யூம் கம்பி. "நிஃப்டியும் ஏறுது, வால்யூமும் ஏறுது, இனி பிடிக்க முடியாது தாத்தா"ங்கிற. ரொம்ப சந்தோசம். அந்த வால்யூம் யாரோடதுன்னு கேட்டியா?

நம்மூரு சந்தையில விலை எழுதிப்போடுற பலகை இருக்குல்ல, அதை எவனாச்சும் விலைக்கு வாங்கியிருக்கானா? வெங்காயத்தை வாங்குவான். நிஃப்டி அந்தப் பலகைதான். 1995 நவம்பர் 3-ந் தேதிய 1000-ன்னு வச்சு, 50 கம்பெனிப் பங்கோட சந்தை மதிப்பை வச்சுப் போடுற கணக்கு. சென்செக்ஸுக்கு 30 கம்பெனி, 1978-79-ஐ 100-ன்னு வச்சது. எண்ணை எவனும் நேரா வாங்கவுமில்ல, விக்கவுமில்ல. அப்ப அடியில நிக்கிற கம்பி வேற எங்கிருந்தோ கொண்டாந்து ஒட்டினது. படிச்ச புள்ளை, ஒட்டினது எதுன்னு கேக்க வேண்டாமா?

ஒரு மென்பொருள்ல 50 பங்கோட வால்யூமையும் கூட்டிப் போடுவான். அந்தக் கூட்டல்ல டாட்டா ஸ்டீல் பங்கு ஒண்ணும் மாருதி பங்கு ஒண்ணும் சரிசமம்! ஒண்ணோட விலை நூத்துக் கணக்குல, இன்னொண்ணு பத்தாயிரத்தைத் தாண்டுனது. அதுலயும் 2022 ஜூலையில டாட்டா ஸ்டீல் ஒரு பங்கைப் பத்தாப் பிரிச்சுட்டாங்க. பழைய தரவைத் திருத்தாம விட்டா, அன்னையிலருந்து கம்பி சும்மாவே எகிறி நிக்கும், நீயும் கூடவே எகிறுவ. எண்ணிக்கைய விடு, எத்தனை ரூபாய்க்குக் கை மாறுச்சுன்னு பாரு.

நிஃப்டி ஃபியூச்சர்ஸ் வால்யூமை ஒட்டுறவனும் உண்டு. எனக்கு இவன் மேல கொஞ்சம் மரியாதை; அங்க அந்த எண்ணு மேலயே காசு கட்டுறாங்க. ஆனா 2000 ஜூன் 12-லதான் அது பொறந்துச்சு, அதுக்கு முந்தி கம்பி தேடாத. மாசக் கடைசியில நடப்பு கான்ட்ராக்ட்ல வால்யூம் வத்தும். ஆளு ஓடிட்டான்னு நீ பதறுவ, அவன் அடுத்த மாசக் கான்ட்ராக்டுக்கு மாறியிருப்பான். எல்லா மாசத்தையும் கூட்டிப் பாரு.

அமிபுரோக்கர்ங்கிற சார்ட்டு மென்பொருள்ல இப்படி ஒட்டுறதுக்கு 'ஃபாரின்'னு ஒரு கட்டளை இருக்கு; ஒண்ணோட சார்ட்டுக்குள்ள இன்னொண்ணோட தரவை இழுத்துக்கிட்டு வரும். அதுல ஒரு சூட்சுமம். கட்டளையில மூணாவதா வர்ற எண்ணை 2-ன்னு வச்சா, தரவு இல்லாத நாளுக்கு முந்தின கம்பியோட எண்ணையே போட்டு நிரப்பிடும். விலைக்குச் சரி. வால்யூமுக்குச் செஞ்சா நடக்காத யாவாரம் நடந்ததா ஆயிரும்ல? நீ ஒண்ணும் சொல்லாம விட்டா, அந்த நாளோட வால்யூமுக்கு 0 போட்டுக்கும்; அதை அப்படியே விடு.

தீபாவளி முகூர்த்த வணிகம் ஒரு மணி நேரந்தான். அன்னைக்குக் குட்டைக் கம்பியப் பாத்து, சந்தையில ஆர்வம் செத்துப்போச்சுன்னு நாலு பேருக்கு மெசேஜ் தட்டாத. அவனவன் அதிரசம் தின்னுக்கிட்டு இருப்பான்.

ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ல 2024 மார்ச்சோட முடிஞ்ச மூணு நிதியாண்டுல, தனியாளா எறங்குனவங்கள்ல 100-க்கு 93 பேர் நட்டம்னு, சந்தையக் கட்டுப்படுத்துற செபியே கணக்குக் குடுத்திருக்கு. மிச்சம் 7 பேர்ல நீ ஒருத்தன்னு வச்சுக்குவோம். மொதல்ல அந்தக் கம்பி எதோட வால்யூம்னு சார்ட்டு மேல பேரு எழுதிட்டு வா. முதல் போட நீ கேக்குற அப்பத்தா வளையலைப் பத்தி அப்புறம் பேசலாம்.