பிரியாவிடைக் கணக்கு

சம்பளம் 60,000 என்று சொந்தபந்தமெல்லாம் பெருமையாகப் பேசும். வேலையை விட்டுக் கிளம்பும் நாளில்தான் ஹெச்.ஆர். மெல்ல எடுத்துச் சொல்வார்: "சார், உங்க பேசிக் 15,000தானே!" மிச்சமெல்லாம் வீட்டு வாடகைப்படி, பயணப்படி, அப்புறம் எதற்கென்றே தெரியாத ஸ்பெஷல் அலவன்ஸ்.

1972-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கிராஜுவிட்டி கணக்கு எளிதுதான். கடைசியாக வாங்கிய பேசிக், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடங்களாலும் பெருக்க வேண்டும். நம்மவரின் ஏழு வருடத்துக்கு 60,577 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேல் ஓடினால் அதுவும் முழு வருடம். ஏழரை வருடம் ஆக ஒரு வாரம் இருக்கும்போதே ரிலீவ் செய்துவிடும் நிர்வாகத்தின் பஞ்சாங்க ஞானத்தை மெச்சத்தான் வேண்டும்.

சி.டி.சி.யில் கிராஜுவிட்டி என்று பேசிக்கில் 4.81 சதவீதத்தைக் காட்டுவார்களே, ஐந்து வருடம் முடியாமல் ராஜினாமா செய்யும் நிரந்தர ஊழியருக்கு அந்த வரி வெறும் தோரணம்.

2025 நவம்பர் 21 முதல் புதிய சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியத்தில் சேரும். நம்மவரின் 15,000 சட்டென்று 30,000! அதனால் எக்ஸெல் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவசரக் கூட்டங்கள். முப்பது நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற விதிக்கு மட்டும் யாரும் கூட்டம் போடக் காணோம். முதலில் லேப்டாப் சார்ஜரைத் திருப்பிக் கொடுங்கள் சார், பிறகு பார்க்கலாம்.