வெளிநடப்புக்கு முன்னாடி ஒரு வார்த்தை, தலைவரே

தலைவரே, கொஞ்சம் நில்லுங்க. வெளிநடப்பு எங்கிட்டும் ஓடிப்போயிராது, பதிலைக் கேட்டுட்டுக்கூடப் பண்ணிக்கலாம். உத்தமபாளையத்துப் பக்கம் ஒண்ணரை ஏக்கர் நெல்லை வச்சுக்கிட்டு வானத்தையும் பெரியாத்துத் தண்ணியவும் அண்ணாந்து பாத்துக்கிட்டிருக்குற கிழவன் நான். எந்தக் கட்சித் தலைவரைச் சொல்றேன்னு கேக்காதீக. எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில இதுக்கு முன்னாடி உக்காந்தவுக, இனிமே உக்காரப் போறவுக எல்லாருக்கும் சேத்துத்தான். ஆள்தான மாறுது, கேள்வி மாறலையே! எனக்கும் ஒரே யோசனையோட வேலை முடிஞ்சிருது.

எதிர்க்கட்சி எங்களுக்குப் புதுசு இல்ல. இதே உத்தமபாளையத்துல பொறந்த பி.டி.ராஜன் ஐயா, 1936-ல ஏப்ரலுக்கு ஏறி ஆகஸ்ட்டுல இறங்குற வரைக்கும் சென்னை மாகாணத்துக்கே முதல் மந்திரியா இருந்தவுக. 1952 தேர்தல்ல கம்பத்துல நின்னு ஜெயிச்சு, நீதிக்கட்சிக்குன்னு சபைக்குள்ள போன ஒரே ஆளும் அவுகதான். கட்சிக் கூட்டம் போடணும்னா கண்ணாடி முன்னாடி நின்னாப் போதும்! 375 பேர் சபையில காங்கிரசுக்கு அந்தத் தடவை கிடைச்சது 152 இடம். மெஜாரிட்டி வரலை. எங்களுக்கும் இந்த 152-க்கும் அன்னைக்கே ஆகலை பாருங்க.

அடுத்த 152, அணை. பென்னிகுயிக் துரை கட்டி 1895-ல தண்ணி திருப்பிவிட்ட முல்லைப் பெரியாறு. கணக்குப்படி 152 அடி நிக்கணும். அணை பலமா இல்லேன்னு கேரளாவுல கிளம்பின பேச்சுல 1979-ல 136-க்கு இறக்குனாக. 2006 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டு 142 வரைக்கும் தேக்கலாம்னுச்சு, அடுத்த மாசமே கேரளாவுல சட்டத்தைத் திருத்தி முட்டுக்கட்டை போட்டாக. அந்தச் சட்டம் செல்லாதுன்னு 2014 மே 7-ல திரும்பவும் தீர்ப்பு. அந்த வருசம் நவம்பர்ல தண்ணி 142-ஐத் தொட்டப்போ முதலமைச்சர் நாற்காலியில இருந்தது எங்க பெரியகுளத்து ஓ.பன்னீர்செல்வம். பக்கத்துல இருக்குற சின்ன அணை, பேபி அணையப் பலப்படுத்திட்டு 152-க்குப் போகணும். அந்தப் பத்து அடிக்குள்ளதான் உங்க எல்லாரோட அரசியலும் மிதக்குது. 1886-ல போட்ட குத்தகை 999 வருசத்துக்கு. இன்னும் எண்ணூத்திச் சொச்சம் வருசம் பாக்கி இருக்குறதால யாருக்கும் அவசரம் இல்லை போல.

கேள்வி கேக்குற நாற்காலியும் எங்க தேனி மாவட்டத்துக்கு வந்ததுதான். 2006 மே மாசம் சில நாள் பன்னீர்செல்வம் எதிர்க்கட்சித் தலைவர். அதுக்கப்புறம் 2011 வரைக்கும் ஜெயலலிதா அம்மா. அந்தம்மா அப்ப எந்த ஊரு எம்.எல்.ஏ? ஆண்டிபட்டி! நாற்காலி வந்தா நாலு அடி தண்ணி கூட வந்துரும்னு நெனச்ச வெள்ளந்திப் பயலுக நாங்க.

சரி, 2021-க்கு வருவோம், அதுதான் ருசியான கதை. அக்டோபர் 29-ந்தேதி, 142-க்கு இன்னும் எடம் இருக்கையிலேயே, கேரளா மந்திரிமாரு பக்கத்துல நிக்க மதகைத் திறந்து தண்ணிய அங்கிட்டு விட்டாக. எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமியும் துணைத் தலைவர் பன்னீர்செல்வமும் என்னா அநியாயம்னு கேட்டாக. நியாயமான கேள்விதான். நவம்பர் 9-ந்தேதி தேனியில ஆர்ப்பாட்டமும் நடந்துச்சு. மந்திரி துரைமுருகன் விட்டாரா? பத்து வருசம் பொதுப்பணித் துறைய வச்சிருந்த நீங்க அணைய எட்டிப் பாத்தீங்களான்னு திருப்பி அடிச்சாரு. தீந்துச்சு. தண்ணிய விட்டுட்டு, யார் அணைக்குப் போனா, யார் போகலைங்குறதுல நின்னுருச்சு பேச்சு.

அதே நவம்பர்லதான் அந்தப் பதினஞ்சு மரம். பேபி அணையப் பலப்படுத்த, கிட்டக்க நிக்கிற 15 மரத்தை வெட்டணும். கேரளா வனத்துறை அனுமதி குடுத்துருச்சுன்னு இங்கிட்டிருந்து நன்றிக் கடுதாசி போச்சு. அங்கிட்டு வனத்துறை மந்திரியே எனக்குத் தெரியாதுங்குறாரு. உத்தரவை நிறுத்தி வச்சு, கையெழுத்துப் போட்ட அதிகாரியவும் சஸ்பெண்ட் பண்ணிட்டாக. மரம் மட்டும் ஆடலை, அசையலை.

இப்ப என் யோசனை. 152 அடி எப்பன்னு கேக்காதீக தலைவரே. கேட்டா, 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது'ன்னு மூணு வார்த்தையில மந்திரி உக்காந்துருவாரு. பதினஞ்சு மரத்தைக் கேளுங்க. நாம எந்தத் தேதி மனுப் போட்டோம்? அவுக எந்தத் தேதி சரின்னாக, எந்தத் தேதி இல்லேன்னாக? அதுக்கப்புறம் எத்தனை கடுதாசி போச்சு, எத்தனைக்குப் பதில் வந்துச்சு? மரத்தை எண்ணுறதுக்குப் பேச்சுத் திறமை வேண்டியதில்ல, அதனாலதான் ஒருத்தரும் எண்ண மாட்டேங்குறாக.

இன்னொண்ணு, இது கொஞ்சம் கசக்கும். கேள்விய எழுதுறப்ப உங்க ஆட்சிக் காலத்தையும் உள்ள சேத்து எழுதுங்க. 2011-ல இருந்து இன்னைக்கு வரைக்கும் வருச வாரியா என்னென்ன நடந்துச்சுன்னு கேளுங்க. 'நீங்க இருந்தப்ப'ன்னு ஆரம்பிக்கத்தான் மந்திரி வேட்டிய மடிச்சுக்கட்டி நிப்பாரு. அதை நீங்களே சொல்லிட்டா அவருக்கு என்ன மிச்சம் இருக்கு, பதிலைத் தவிர? உங்களுக்குக் கொஞ்சம் மானம் போகும். போனாப் போகுது, தேர்தலுக்குள்ள வந்துரும்.

டெல்லியிலயும் இதே கதைதான். மக்களவையில கேள்வி நேரம் காலையில 11-ல இருந்து 12. ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறி போட்ட கேள்வி 20, பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே எழுதிக் குடுக்கணும். மந்திரி வாசிக்கிற பதிலை ஆபீசர் எழுதிக் குடுத்திருப்பாரு. அந்தக் காகிதம் முடிஞ்ச பிறகு கேக்குற துணைக் கேள்வியிலதான் மந்திரி தனியா நிப்பாரு. இத்தனை கன அடி திறந்தாச்சுன்னு இஞ்சினியர் சொன்னதும் நாங்க கை தட்டிட்டு வீட்டுக்குப் போறதில்ல, கடைமடைக்குப் போய்க் கால வச்சுப் பாப்போம். துணைக் கேள்வி அந்தக் கடைமடை. நீங்க என்னடான்னா மதகு திறக்குறப்பவே கோஷம் போட்டுட்டு வெளிய வந்து மைக்கைப் பிடிச்சிர்றீக.

அங்க எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியே இல்லாமப் பத்து வருசம் போச்சே! பத்துல ஒரு பங்கு இடம் வேணும்ங்குற வழக்கத்தால, 44 இடம் வாங்குன 2014-லயும் 52 வாங்குன 2019-லயும் காங்கிரசுக்கு எதிர்க்கட்சித் தலைவர் பதவி கிடைக்கலை. 2024-லதான் ராகுல் காந்தி உக்காந்தாரு.

எங்க தேனி சாமர்த்தியம் தனி. 2021-ல அப்பா பன்னீர்செல்வம் சென்னையில எதிர்க்கட்சி வரிசை, மகன் ரவீந்திரநாத் எம்.பி. டெல்லியில ஆளுங்கூட்டணி வரிசை. அப்பா கேள்வி கேட்டா மகன் பதில் வாங்கிக் குடுக்கலாம், தபால் செலவுகூட இல்ல! 2024-ல தங்க தமிழ்ச்செல்வன் எம்.பி. ஆனாரு. அப்ப அவரு கட்சி சென்னையில ஆளுங்கட்சி, டெல்லியில எதிர்க்கட்சி. ரயிலுக்குள்ள ஏறுறப்ப ஒரு வரிசை, இறங்குறப்ப ஒரு வரிசை.

நாற்காலிக் கதைய விடவா முடியும்? பன்னீர்செல்வத்தைக் கட்சிய விட்டு நீக்குன பிறகு, துணைத் தலைவர் இருக்கை யாருக்குன்னு 2022 அக்டோபர்ல சபையில அமளி, எம்.எல்.ஏ.க்களை வெளிய தூக்கிவிட்டாக. 2024 பிப்ரவரியில அவரை ரெண்டாவது வரிசைக்கு மாத்துனாக. ஒண்ணரை வருசம் விடாம, தேதி குறிச்சு, மனு மேல மனு போட்டு, ஒரு கேள்விக்குப் பதில் வாங்க உங்களுக்குத் தெரியும்னு அன்னைக்குத்தான் எனக்கு விளங்குச்சு. அதே முறையில பதினஞ்சு மரத்தையும் கேளுங்கன்னுதான் சொல்றேன்.

ஜூன் 1 வந்தா முதல் போகத்துக்குத் தண்ணி திறக்குறது வழக்கம். 14,707 ஏக்கரும் அணைத் தண்ணி வந்து இறங்குற லோயர் கேம்ப்பைப் பாத்துக்கிட்டு இருக்கும். அன்னைக்கும் வெளிநடப்பு பண்ணாமக் கால் நிக்காதுன்னா இங்க வந்து வாய்க்கா வரப்புல பண்ணுங்க. கூடலூர்ல இருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் நடங்க, யாரும் மறிக்க மாட்டோம். செருப்பை மட்டும் கழட்டிக் கையில வச்சுக்கங்க, வரப்பு வழுக்கும்.