ஆடு எங்கே மாப்ளே?

மாப்ளே, உன் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு நான் வந்து பதினோரு நாள் ஆச்சு. கோவில்பட்டியில மைசூர் எக்ஸ்பிரஸ் ஏத்திவிடும்போதே எங்கக்கா, அதான் உன்னைப் பெத்த மகராசி, சொல்லித்தான் அனுப்புனா: "அவன் நாய் வாங்கப் போறானாம்டா, நீ போய்ப் பேசு." கிடை போட்டு நாப்பது வருசம் ஆட்டுக்குப் பின்னால அலைஞ்சவன் சொன்னா நாய் விசயத்துலயாவது கேப்பேன்னு அவளுக்கு ஒரு நெனப்பு.

நீயும் மரியாதையா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுன. ஒரு பக்கம் பெல்ஜியன் மாலினாய், மறுபக்கம் பார்டர் கோலி. "எது மாமா நல்லது?"ன்னு கேட்ட. ரெண்டும் தங்கமான நாய் மாப்ளே. ரெண்டும் ஆடு மேய்க்கன்னே பொறந்த சாதி. அதான் நானும் எந்திரிச்சுப் போய் உன் மூணாவது மாடிப் பால்கனியை எட்டிப் பாத்தேன். ஒரு துளசிச் செடி, ஒரு வாஷிங் மெஷின். ஆடு எங்கே?

மாலினாய்க்கு முதல்ல வருவோம். 2011ல பின்லேடனைத் தேடிப்போன அமெரிக்கப் படையோட கெய்ரோன்னு ஒரு நாய் போச்சே, அது இந்தச் சாதிதான். அவ்வளவு தூரம் எதுக்கு, உன் பெங்களூருக்குத் தெக்கால தரளுன்னு ஒரு ஊரு. அங்க சி.ஆர்.பி.எஃப். நாய்களுக்குன்னே பள்ளிக்கூடம் வச்சிருக்கு. அங்க பழகுன மாலினாய் சத்தீஸ்கர் காட்டுல மண்ணுக்குள்ள புதைச்ச கண்ணிவெடியை மோந்து சொல்லுது. அதுக்குன்னு ஆள் போட்டு, சம்பளம் குடுத்து, குட்டியில இருந்தே வேலை பழக்குறான் சர்க்கார். அந்தப் பிள்ளைக்கு நீ என்ன உத்தியோகம் போட்டுக் குடுப்ப? பிரியாணிப் பொட்டலம் கொண்டுவாற பையனை வாசல்ல மறிச்சு ஆதார் கார்டு கேக்கச் சொல்லுவியா?

சட்டச் சிக்கல் ஒண்ணும் இல்லைன்னு பெருமையா சொன்ன. வாஸ்தவம். 2024 மார்ச்சுல மத்திய அரசு 23 சாதி நாய்க்குத் தடைன்னு ஒரு சுற்றறிக்கை விட்டுது. உங்க கர்நாடக ஹைகோர்ட்டு ஏப்ரல்லயே அதை ரத்து பண்ணிருச்சு. அந்தப் பட்டியல்லயும் மாலினாய் பேரு கிடையாது. அசோசியேசன் செக்ரட்டரி லிஃப்டுல ஏத்தாதேன்னு மல்லுக்கு நின்னாலும் விலங்கு நல வாரியத்தோட விதிமுறை உன் பக்கம்தான். எல்லாம் உன் பக்கம். சோபா மட்டும் நாய் பக்கம்.

சரி, கோலியைப் பாப்போம். இங்கிலாந்துல, ஸ்காட்லாந்து எல்லையோரமா, 1893ல ஓல்ட் ஹெம்ப்னு ஒரு கடுவன் பொறந்துச்சாம். குலைக்காது, கடிக்காது, கண்ணை வச்சே ஆட்டை மடக்கும். இன்னைக்கு இருக்கிற கோலி வம்சமே அதுல கிளைச்சதுன்னு சொல்றாங்க. அமெரிக்காவுல சேசர்னு ஒரு கோலிக்கு 1022 பொம்மை பேரு அத்துப்படியா இருந்துச்சு. எந்தப் பேரைச் சொன்னாலும் அந்தப் பொம்மையை எடுத்தாந்துச்சு. பழக்குனவரு வேலையில இருந்து ஓய்வு பெத்த உளவியல் வாத்தியாரு. தெனம் நாலஞ்சு மணி நேரம், மூணு வருசம் அதோடயே உக்காந்தாரு. நீ உன் பொண்டாட்டி பொறந்த நாளையே போனைத் தடவித்தான் சொல்ற.

முந்தாநாள் காலையில ரிச்சர்ட்ஸ் பார்க் வெளிச்சுத்து ரோட்டுல ஒரு கோலியைப் பாத்தேன். அதைப் பிடிச்சிட்டு வந்த பொண்ணு காதுல எதையோ மாட்டிக்கிட்டு யார்கூடயோ பேசிக்கிட்டே வருது. எதுக்க அஞ்சாறு பொம்பளைங்க பேசிக்கிட்டு நடந்து வாறாங்க. நாய் தலையைத் தாழ்த்திச்சு. முன்னங்கால் ஒண்ணைத் தூக்கி அப்படியே அந்தரத்துல வச்சிக்கிட்டு, கண்ணு இமைக்காம பாத்துச்சு. கூட்டத்துல ஒரு அம்மா மட்டும் செருப்பு வாரை மாட்ட ஒதுங்குனாங்க. அவ்வளவுதான். கயிறு போற மட்டும் போயி அரைவட்டம் அடிச்சு, அந்தம்மாவைத் திரும்பக் கூட்டத்துக்குள்ள கொண்டுபோய்ச் சேத்துருச்சு. அந்தம்மா போட்ட கூப்பாடு ஈஸ்ட் ஸ்டேசன் வரைக்கும் கேட்டுருக்கும். எனக்கு மட்டும் கண்ணு கலங்கிப் போச்சு. எங்க கருப்பி இப்படித்தான்.

கருப்பிக்கு வம்சச் சீட்டும் கிடையாது, சர்டிபிகேட்டும் கிடையாது. பொழுது விடிஞ்சா மந்தையோட கரிசக்காட்டுல நடக்கும். ராத்திரி கிடையைச் சுத்திச் சுத்தி வரும். குள்ளநரி வாடை பட்டா ஒரு மாதிரி உறுமும், வெள்ளாட்டுக் குட்டி வழிதப்பிக் கத்துனா வேற மாதிரி. நான் கட்டில்ல கிடந்தே எதுன்னு சொல்லிருவேன். குடிச்சது கம்மங்கூழு. அதுக்குச் சேட்டை பண்ண ஏது நேரம்? வேலை இல்லாத நாய் தானா ஒரு வேலையைத் தேடிக்கிடும் மாப்ளே. நீ வீட்டுல இருந்து பாக்குற வேலைக்குப் பத்து மணி நேரம் பொட்டிக்கு முன்னால உக்காந்தேன்னா, கோலி உன் புள்ளையோட சைக்கிள் சக்கரத்தை மேய்க்கும். மாலினாய் கதவு நிலையைத் தின்னு பாக்கும். உன்னையே ஆடாக்கிப் பட்டியில அடைச்சாலும் ஆச்சரியம் இல்லை.

"அப்ப நம்ம ஊரு நாயே வாங்கிக்கிடுறேன், சிப்பிப்பாறையோ ராசபாளையமோ"ன்னு என்னைக் குளுப்பாட்டப் பாத்த பாரு, அங்கதான் நீ எங்கக்கா மகன்! ராசபாளையத்து நாய்க்கு 2005லயே தபால்தலை போட்டு மரியாதை பண்ணிட்டாங்க, அது போதும். சிப்பிப்பாறை முசல் விரட்டப் பொறந்த காலு. அதை லிஃப்டுல ஏத்தி இறக்கி வளத்தா அந்தப் பாவம் எனக்கும் சேரும்.

அப்பவும் நீ அடம்பிடிக்கவும் ஒரு தீர்ப்பு சொன்னேன். மாலினாய் உனக்கு வேண்டவே வேண்டாம். அது உத்தியோகம் பாக்குற நாய், நீ உத்தியோகத்துல இருந்து தப்பிக்கப் பாக்குற ஆளு. கோலி வேணும்னா ஒரு பரீட்சை இருக்கு. சிவாஜி நகர்ப் பக்கம் போனப்ப ஒரு நாய்க்கயிறு வாங்கியாந்தேன். முப்பது நாளு, விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, அந்த வெறுங்கயிறைக் கையில பிடிச்சிக்கிட்டு பார்க்கைச் சுத்தி ஒரு மணி நேரம் நட. மழை பேஞ்சாலும் நட. சாயங்காலம் மீட்டிங்கு இருந்தாலும் இன்னொரு மணி நேரம் நட. ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். முப்பது நாள் முடிஞ்சா எனக்குப் போன் போடு. நானே ரயிலேறி வந்து வாயைத் தொறந்து பல்லைப் பாத்து, காலைப் பாத்து நல்ல குட்டியா எடுத்துத் தாறேன்.

இதைச் சொல்லி நாலு நாள் ஆச்சு. முத நாள் நீ போன. ரெண்டாம் நாள் தூத்தல். அப்புறம் என்னமோ அமெரிக்காக்காரன் ராத்திரியில கூப்பிட்டுட்டானாம். இன்னைக்குக் காலையில பல் விளக்கப் போறப்ப பாத்தேன், கயிறை பால்கனியில நீளமா இழுத்துக் கட்டி மருமவ துணி காயப் போட்டிருக்கா.