டெண்டருக்குக் காது கிடையாது

பார்வையற்ற பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தை ஒலியாக்கிக் கையடக்கக் கருவியில் போட்டுக் கொடுக்கும் திருப்பணியில் இறங்கியிருக்கும் கொள்முதல் குழுப் பெருமக்களே, உங்கள் பாடு லேசானதல்ல. கேட்கப்போகிற பிள்ளையை ஒரு தடவைகூடச் சந்திக்காமல், அது கேட்கப்போகிற பாடத்தை ஒரு நிமிடம்கூடக் கேட்காமல், கருவியையும் கோப்பு வகையையும் முடிவு செய்ய வேண்டும். எல்லாராலும் முடிகிற காரியமா அது? உங்கள் சிரமத்தைக் குறைக்கச் சில விதிகளைத் தொகுத்திருக்கிறேன். ஏற்றருள வேண்டும்.

முதல் விதி, எண் பெரிதாக இருக்க வேண்டும். '320 கேபிபிஎஸ், ஸ்டீரியோ' என்று டெண்டரில் போட்டுவிடுங்கள். ஓர் ஆசிரியர் ஒற்றை மைக்கின் முன் உட்கார்ந்து வரலாற்றுப் பாடம் வாசிக்கிறார். அசோகர் இடது காதிலும் கலிங்கம் வலது காதிலும் வந்து நிற்கப்போவதில்லை. இரண்டு காதுக்கும் அதே குரல்தான். அதனால் என்ன? ஒரு மணி நேரப் பேச்சு 320-இல் 144 எம்பி பிடிக்கும். மோனோவில் 64 கேபிபிஎஸ் வைத்தால் 29 எம்பிகூட வராது. பேச்சுக் குரலுக்கு அது தாராளம். 4 ஜிபி கார்டில் முதல் கணக்குக்கு 27 மணி நேரம் கொள்ளும், இரண்டாவதற்கு 130 மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். பாடமெல்லாம் ஒரே கார்டில் அடங்கிவிட்டால் அடுத்த கார்டுக்கு எப்படி பில் போடுவது? ஆகவே 320.

இரண்டாம் விதி, பதிவு செய்யும் அறையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. தலைக்கு மேல் மின்விசிறி கடகடக்கட்டும், ஜன்னலுக்கு வெளியே டவுன் பஸ் ஹாரன் அலறட்டும். 320 கேபிபிஎஸ் அவற்றைச் சேதாரமே இல்லாமல் காப்பாற்றும். பழைய பதிவு 32-இல் நசுங்கிக் கிடந்தால் இன்னும் வசதி. அதையே 320-ஆக மாற்றிக் கொடுத்துவிடலாம். எம்பி3 சுருக்கும்போது தூக்கியெறிந்த ஒலி எறிந்ததுதான், திரும்பி வராது. தண்ணீர்ப் பாலை அண்டாவில் ஊற்றினால் பால் கூடிவிடாது. ஆனால் கோப்பு பத்து மடங்கு பெருத்துவிடும். தணிக்கைக்கு வருகிறவர் அண்டாவைத்தான் அளப்பார், கவலை வேண்டாம்.

உங்கள் குழுவில் சிக்கனம் பேசுகிறவர் யாராவது இருந்தால் அவரையும் மனம் நோகவிடாதீர்கள். ஒலியை நொடிக்கு எத்தனை தடவை அளந்து பதிகிறோம் என்கிற மாதிரி வீதத்தை 8 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கச் சொல்லுங்கள். 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி மொத்தமும் போய்விடும். பழைய தொலைபேசியின் எல்லை சுமார் 3,400 ஹெர்ட்ஸ்தான். அதில் 'எஸ்' என்றாரா 'எஃப்' என்றாரா என்று நாம் மண்டையை உடைத்துக்கொண்டதில்லையா? இனி ஆங்கிலப் பாடம் முழுவதையும் பிள்ளைகள் அப்படிக் கேட்கட்டும். மதிப்பெண் குறைந்தால் 'கவனக்குறைவு' என்று எழுத ஆசிரியருக்கு ஒரு பேனா போதும். 22.05 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும் என்று சொல்லத் துணிகிற தொழில்நுட்ப ஊழியரை அடுத்த கூட்டத்துக்கு அழைக்காதீர்கள்.

மூன்றாம் விதி, ஒரு புத்தகத்துக்கு ஒரே கோப்பு. பத்து மணி நேரமானாலும் ஒரே கோப்பு. பெயர் 'நியூ ஃபைனல் 2' என்றிருந்தால் போதும். டெய்சி என்று ஒரு வடிவம் இருக்கிறது. அதற்கான உலகக் கூட்டமைப்பு 1996-லேயே உருவாகிவிட்டது. அதில் புத்தகம் அத்தியாயம், தலைப்பு, பக்கம் என்று பிரிந்திருக்கும். ஆசிரியர் "112-ஆம் பக்கத்தை எடுங்கள்" என்றால், பார்வையற்ற மாணவியும் மற்றவர்களோடு சேர்ந்து அந்தப் பக்கத்துக்குத் தாவிவிடலாம். இந்தச் சமத்துவமெல்லாம் ஆபத்து. அவள் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்து மணி நேரக் கோப்பில் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அவள் வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிடும். கருவியை அணைத்ததும் விட்ட இடம் மறந்துபோக வேண்டும் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். நாளைக்கு முதல் நிமிடத்திலிருந்து ஆரம்பிப்பாள், மனப்பாடமாவது ஆகும்.

நான்காம் விதி, வண்ணத் தொடுதிரை. விரலுக்குத் தட்டுப்படும் மேடான பொத்தான்கள் புகைப்படத்தில் எடுப்பதில்லை. மினுங்கும் திரை எடுக்கும். யாருக்கு வாங்குகிறோம் என்ற கேள்வியை அந்த மினுக்கத்திலேயே கரைத்துவிடலாம். கோப்புகளை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த கார்டில் ஏற்றுங்கள். மலிவான கருவிகள் பெரும்பாலும் ஃபேட்32-ஐ மட்டுமே படிக்கும் என்பதால், கார்டைச் செருகினால் ஒரு சத்தமும் வராது. அமைதி நிலவும். விழாவில் பாடத்தை ஓட்டிக் காட்டும்படி யார் கேட்கப்போகிறார்கள்? பொன்னாடை, படம், நன்றியுரை, பிரியாணிப் பொட்டலம். அதற்கப்புறம் கருவிகள் தலைமையாசிரியர் அறை பீரோவுக்குள் போகும். 'பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள்' என்ற அக்கறையோடு பூட்டப்படும்.

போதும் பெருமக்களே. இதற்கு மேல் உங்களைப் புகழ எனக்கு நாக்கு வரவில்லை.

உங்களுக்குச் சட்டம் தடையாக இல்லை. 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு எந்தப் புத்தகத்தையும் மாற்ற வழிவிட்டுவிட்டது. பார்வையற்றோர் படிக்கும் வடிவங்களுக்குப் பதிப்புரிமையில் வழிவிடும் மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்று உறுதி செய்தது இந்தியாதான், 2014-இல். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 17-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவு குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை புத்தகம், கற்றல் பொருள், தகுந்த உதவிக் கருவி மூன்றையும் இலவசமாகக் கொடுக்கச் சொல்கிறது. 'தகுந்த' என்றுதான் அதில் எழுதியிருக்கிறது, 'மினுங்குகிற' என்றில்லை. பணமும் சாக்கு இல்லை. எம்பி3-இன் காப்புரிமைக் கட்டணம் 2017-லேயே முடிந்துபோனது. ஓபஸ் என்ற வடிவம் 2012 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. 32 கேபிபிஎஸ்ஸிலேயே பேச்சைத் தெளிவாகக் கொடுக்கும். டெய்சி திறந்த தரம். இல்லாதது ஒன்றுதான். பீரோச் சாவியும் கையெழுத்தும் உங்களிடம் இருக்கின்றன, கேட்கும் பழக்கம் இல்லை.

அதனால் டெண்டரில் ஒரே ஒரு நிபந்தனை சேருங்கள். ஏற்புச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர், வகுப்பறையில் மாணவர்கள் முன்னால் கண்ணைக் கட்டிக்கொண்டு, கருவியைக் கையில் வாங்கி, 112-ஆம் பக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் என்ன வாசிக்கப்படுகிறது என்று திருப்பிச் சொல்ல வேண்டும். நேரம் குறிப்பது அந்தப் பார்வையற்ற மாணவி. அவள் 'சரி' என்றால் பில் போகட்டும். இல்லையென்றால் கருவியும் பில்லும் சேர்ந்தே திரும்பிப் போகட்டும்.