வெயிலில் கெட்டு மழையில் தெரியும்

எங்கள் களமருதூர்ப் பக்கத்தில் கார் வைப்பர் கெடுவது வெயிலில், தெரியவருவது மழையில். தை பிறந்துவிட்டால் அந்தச் சுவிட்சை யாரும் தொடுவதில்லை. கோடையில் ஓர் இடிமழை, ஆடி ஆவணியில் சில சாயங்கால மழை, அவ்வளவுதான். மாதக்கணக்கில் கண்ணாடிமேல் கிடக்கிற ரப்பர் காய்ந்து வெடிக்கும். வைப்பர் கை ஏறி நிற்கும் சிறு அச்சில் கிரீஸ் இறுகித் துரு பிடிக்கும். ஐப்பசியில் முதல் அடைமழை பிடிக்கிறபோது சுவிட்சைத் தட்டினால் அசையாது.

எண்பதுகளில் ஊருக்குக் கார் என்றால் வாடகை அம்பாசிடர். கல்யாணம், காதுகுத்து, நடுராத்திரிப் பிரசவ வலி, புதுச்சேரி ஜிப்மருக்குப் போக வேண்டிய நோயாளி, எல்லாவற்றுக்கும் அதே வண்டிதான். அதை ஓட்டியவர் எனக்குப் பெரியப்பா முறை. ஒரு பழுதை எந்த வரிசையில் தேடுவது என்று எனக்குக் கற்றுத்தந்தவர் அவரே.

"சுவிட்சைப் போடு. காதைக் குடு. இன்னா கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல பெரிப்பா."

"அப்ப மோட்டாருக்குக் கரண்டு போவல. பெட்ரோல் முள்ளு எங்க நிக்குது பாரு."

பெட்ரோல் முள்ளுக்கும் வைப்பருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியப் பல நாளானது. அம்பாசிடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்த வண்டி. உத்தரபாராவில் ஐம்பதுகளின் இறுதியில் தொடங்கி 2014 வரை செய்தார்கள். அதன் பழைய லூகாஸ் வயரிங்கில் இரண்டே பியூஸ். சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும் வைப்பர், சிக்னல், பிரேக் லைட், பெட்ரோல் முள் யாவும் ஒரே பியூஸில் தொங்கும். முள்ளும் படுத்திருந்தால் பியூஸ் போயிருக்கிறது. முள் எழுந்து நின்றால் கோளாறு வைப்பரோடு மட்டும். கருவி ஏதுமில்லாமல் பாதி வேலை முடிந்துவிடும்.

பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி ஓட்டுகிற வழக்கம் அன்று பரவலாக இருந்தது. பெரியப்பா அதை அடியோடு வெறுத்தார். அச்சு இறுகினால் மோட்டார் திணறும், திணறினால் கூடுதல் கரண்டு இழுக்கும், அதனால்தான் பியூஸ் உருகுகிறது. உருகாத ஒன்றை அங்கே வைத்தால் அடுத்து வயர் எரியும். அவர் மோட்டாரின் அசைவை வைப்பர் கைகளுக்குக் கொண்டுபோகும் பல்வடத்தைக் கழற்றிவிட்டு, வைப்பர் கைகளைத் தனியே ஆட்டிப் பார்ப்பார். இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு, லேசாக ஓடும்வரை விடமாட்டார். அப்புறம்தான் புது பியூஸ்.

பியூஸ் நன்றாக இருந்தும் மோட்டார் பேசாவிட்டால் டெஸ்ட் லேம்ப். லைட் எரிந்தால் கரண்டு வந்துசேர்கிறது என்று பொருள், அடுத்து எர்த். மோட்டார் உடம்பிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்கு நேராக ஒரு வயர் கொடுப்பார். ஓடினால், எர்த் பிடிக்கும் இடத்தின் துருவைச் சுரண்டினால் போதும். அப்படியும் ஓடாவிட்டால் ஸ்குரூடிரைவர் பிடியால் மோட்டாரை மெல்லத் தட்டுவார். தட்டியதும் சுற்றினால் உள்ளே கார்பன் தேய்ந்திருக்கிறது. சத்தம் மட்டும் கேட்டு கை அசையாவிட்டால் கரண்டைத் தேடவே வேண்டாம். வடத்தையோ, அச்சுமேல் இருக்கும் நட்டையோ பார்க்கவேண்டும்.

வழியில் எதுவுமே கைகொடுக்காத நாளில் கண்ணாடியில் புகையிலையைத் தேய்ப்பார்கள். நீர் முத்துமுத்தாக நிற்காமல் படலமாக வழியும். கொஞ்சம் சாலை தெரியும். வைப்பர் கையில் கயிறு கட்டி, பக்கத்து இருக்கைப் பையன் இழுத்துக்கொண்டே வந்ததும் உண்டு. அமெரிக்காவின் மேரி ஆண்டர்சன் 1903இல் காப்புரிமை பெற்ற வைப்பரும் உள்ளிருந்து கையால் இயக்குவதுதான். எண்பதுகளின் குறுகிய சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அப்படி வீடு சேர முடிந்தது.

இன்று முடியாது. உளுந்தூர்பேட்டையில் ஏறினால் சென்னை–திருச்சி நாற்கர சாலை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் நகர்கிறது. முன்னால் போகும் லாரி வாரியடிக்கும் சேற்றுநீர் கண்ணாடியை மூடும்போது மூன்று விநாடி வைப்பர் நின்றால், எண்பது மீட்டருக்கு மேல் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறோம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, வைப்பரை ஒரு கட்டாயக் கருவியாக வைத்திருப்பது வீணுக்கு இல்லை.

போன ஐப்பசியில் என் தங்கை மகன் கச்சிராயபாளையத்திலிருந்து போன் செய்தான். வெள்ளிமலைக்கு ஏறவேண்டும்; மழை; அவனுடைய பழைய சின்னக் காரில் வைப்பர் நின்றுவிட்டது.

"முழு செட்டையும் மாத்தணும்ங்கறாங்க மாமா. நாளைக்குத்தான் பொருள் வருமாம்."

"சத்தம் வருதா?"

"மொதல்ல வந்துது. அப்புறம் இல்ல. பத்து நிமிஷம் விட்டுப் போட்டா நாலு தடவ ஓடிட்டு நின்னுடுது."

அதுதான் விடை. இந்தக்கால மோட்டார் பலவற்றில் சூடேறினால் தானே நின்று, ஆறினால் மறுபடி ஓடும் காப்பு உண்டு. அச்சோ இணைப்போ இறுகி மோட்டாரைத் திணறடிக்கிறது. பானெட்டைத் திறந்து, கண்ணாடி அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றச் சொன்னேன். உள்ளே முழுக்கப் புளிய இலை. அவன் வண்டி நிற்பது ஊர்ப் புளியமரத்தடியில். நிழலுக்கு அங்கேதான் எல்லோரும் நிறுத்துகிறோம். அந்தச் சின்ன இலை மூடியின் இடுக்கில் இறங்கி வடிகால் துளையை அடைத்துவிடும். தேங்கிய நீரில் ஊறி இணைப்புகள் துருவேறும். மோட்டார் கெடவே இல்லை.

அன்றைய வைப்பர் நோஞ்சான். ஆனால் அதைப் பார்க்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இருந்தார். இன்றையது பலசாலி. சில கார்களில் கண்ணாடிக்குள் அகச்சிவப்பு ஒளி பாய்ச்சி, துளி விழுந்து ஒளி குறைவதை அறிந்து தானே ஓடுகிறது. அதிலும் அச்சு அச்சுதான், எர்த் எர்த்துதான். பார்க்கச் சொல்லித்தருவார் இல்லாததால், எண்ணெயில் முடிகிற வேலைக்கு மோட்டாரோடு மாற்றிக் காசைக் கொட்டுகிறோம். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

புரட்டாசி பாதியிலேயே இதைச் செய்துவிடலாம். மூடியைத் திறந்து இலையை அள்ளி, வடிகாலில் ஒரு செம்பு நீர் ஊற்றினால் கீழே ஒழுக வேண்டும். அச்சுகளில் எண்ணெய் விட்டு, ரப்பர் வெடித்திருந்தால் மாற்றி, கண்ணாடியை நனைத்து இரண்டு நிமிடம் ஓடவிட்டால் திணறல் காதுக்கே தெரியும். காய்ந்த கண்ணாடியில் ஓட்டிப் பார்க்காதீர்கள், கீறல் விழும்.