கோரம் சேருமுன்னே டீ கொடுக்காதே

ஏலே பேராண்டி, உன்னைக் காலேஜ் மன்றத்துக்குச் செயலாளரா போட்டுட்டாங்கன்னு உங்க ஆச்சி தெரு முழுக்கக் கடலைமிட்டாய் கொடுத்துட்டு வந்திருக்கா. சந்தோசம். இனிமே உங்க கூட்டமெல்லாம் நாடாளுமன்ற முறைப்படித்தான் நடக்குமாமே? அந்த நாடாளுமன்றம் நடக்கிற லட்சணத்தை நீ ஒருநாளாவது டிவியில பாத்திருக்கியாலே? பாத்திருந்தா இந்த ஆசை வந்திருக்காது.

சரி, ஆசைப்பட்டுட்ட. லீவுக்கு வந்தப்போ ஒரு தடிப் புத்தகத்தைக் கொண்டாந்து டிரங்குப் பெட்டி மேல போட்டியே, ராபர்ட் எழுதின கூட்ட விதி, அதை நீ விரிச்ச மாதிரியே தெரியல. நான் விரிச்சேன். எனக்கு இங்கிலீசு வராதுதான். உன் தங்கச்சியை உக்கார வச்சு அர்த்தம் சொல்லச் சொன்னேன். பக்கத்துக்கு ஒரு கடலைமிட்டாய் கூலி. ஆச்சி கணக்குல மிட்டாய் குறையுதுன்னா காரணம் அதுதான்.

அந்த ராபர்ட் வக்கீலும் இல்ல, எம்.பி.யும் இல்ல. அமெரிக்கப் பட்டாளத்துல இன்ஜினீயர். 1863-ல மாசசூசெட்ஸ் மாகாணத்துல நியூ பெட்ஃபோர்டுங்கிற ஊர்ல ஒரு சர்ச்சுக் கூட்டத்துக்கு அவரைத் தலைமை தாங்கச் சொல்லியிருக்காங்க. மனுசனுக்குக் கூட்டம் நடத்தத் தெரியாது. ரணகளமாப் போச்சு. அந்த வெக்கத்துல, விதியைக் கத்துக்காம இனி எந்தக் கூட்டத்துக்கும் போறதில்லைன்னு முடிவெடுத்தார். 1876-ல கைக்காசைப் போட்டு 4,000 பிரதி அச்சடிச்சார். அப்போ அது 176 பக்கம். 2020-ல வந்த பன்னிரண்டாம் பதிப்பு 700 பக்கத்தைத் தாண்டிருச்சு. சண்டையை நிறுத்தத்தான் அவர் எழுதினார். நம்மாளுக அதை வச்சே சண்டை போடக் கத்துக்கிட்டாங்க போல, அதான் பக்கம் கூடியிருக்கு.

உங்க நிர்வாகக் குழுவுல ஒன்பது பேரு. அதுல ரெண்டு பேரு எப்பவும் கேண்டீன்ல. மிச்சம் ஏழு பேருக்கு முன்னால எழுந்து நின்னு, 'மாண்புமிகு தலைவர் அவர்களே'ன்னு நீ ஆரம்பிக்கப் போற. புத்தகம் என்ன சொல்லுது தெரியுமா? ஒரு டஜன் பேருக்கு மேல போகாத குழுவுக்கு இவ்வளவு கெடுபிடி வேண்டாமாம். உக்காந்துக்கிட்டே பேசலாம், வழிமொழிய ஆள் தேட வேண்டாம், தலைவரும் வாதத்துல கலந்துக்கலாம், ஓட்டும் போடலாம். அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சு எங்கேயாவது ஒளிச்சு வச்சுக்கோ. ஏழு பேருக்கு 700 பக்கம் இருந்தாத்தானே உனக்கு மரியாதை.

பொதுக்குழு வேற சங்கதி. அங்க முதல்ல கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆளுக எண்ணிக்கை, சேரணும். உங்க மன்றத்து விதியில எண்ணிக்கை எழுதி வைக்கலைன்னா, உறுப்பினர்ல பாதிக்கு மேல வந்தாத்தான் கூட்டம்னு ராபர்ட் சொல்லுதார். மக்களவைக்கோ, மொத்த உறுப்பினர்ல பத்துல ஒரு பங்கு வந்தாப் போதும்னு நம்ம அரசியல் சட்டத்துலயே இருக்கு. நாட்டுக்குச் சட்டம் போடப் பத்துல ஒண்ணு போதும், உங்க ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடப் பாதிக்கு மேல வேணும். எது பெரிய வேலைன்னு நீயே பாத்துக்க.

அதனால டீயை முன்னாடியே கொடுத்துராத. டீயும் வடையும் உள்ள போயிருச்சுன்னா ஒரு பய நிக்க மாட்டான். நடுவுல எவனாவது தலையை எண்ணச் சொல்லி ஆளு குறைஞ்சிருந்தா, தீர்மானத்துக்கு ஓட்டெடுக்கவே முடியாது. கடைசித் தீர்மானம் முடியற வரைக்கும் வடை வாளி வாசலுக்கு வெளியவே நிக்கட்டும். நம்ம ஊர்க் கிராம சபையில இந்தக் கவலையெல்லாம் கிடையாது. குடியரசு தினம், மே தினம்னு தேதி தவறாம நோட்டு வீடு தேடி வந்துரும். கையெழுத்தைப் போட்டுட்டு நாம மாட்டைப் பத்திக்கிட்டுப் போயிரலாம். அந்த வித்தையை இப்பவே படிச்சுராதலே, எம்.எல்.ஏ. ஆயிருவ.

போன கூட்டத்துல மன்றத்துப் பனியன் நிறத்துக்கே ரெண்டு மணி நேரம் ஓடிச்சாமே? நீலம்னு ஒருத்தன் தீர்மானம் கொண்டாந்தான். கருநீலம்னு ஒருத்தன் திருத்தம் சொன்னான். வெளுத்த கருநீலம்னு இன்னொருத்தன் அந்தத் திருத்தத்துக்கே ஒரு திருத்தம். அதோட கடையைச் சாத்தணும். திருத்தத்துக்குத் திருத்தம் உண்டு, அதுக்கும் மேல ஒண்ணு கிடையாது. ஓட்டைக் கடைசியா வந்ததுலேருந்து எடுக்கணும்: முதல்ல வெளுப்பு, அப்புறம் கருநீலம், அப்புறம் தீர்மானம். நீங்க தலைகீழா எடுத்திருக்கீங்க. அதான் பனியன் பச்சையா வந்து சேந்திருக்கு.

'பேசினது போதும், ஓட்டெடு'ன்னு உன் கூட்டாளி ஒருத்தன் கத்துவான். கத்தினா ஆச்சா? வாதத்தை நிறுத்த மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். அடுத்தவன் வாயை அடைக்கச் சாதாரணப் பெரும்பான்மை பத்தாதுன்னு ராபர்ட் விவரமாத்தான் வச்சிருக்கார்.

இன்னொண்ணு இருக்கு, அதைக் கேட்டதும் உன் தங்கச்சி விழுந்து விழுந்து சிரிச்சா. ஒரு தீர்மானத்து மேல ஒருத்தன் ஒருநாளைக்கு ரெண்டு தடவைதான் பேசலாம். தடவைக்குப் பத்து நிமிசம். அதுலயும், இன்னும் வாயே திறக்காத ஆளு பேச எழுந்துட்டா, ஏற்கெனவே பேசினவன் காத்துக்கிடக்கணும். 'அப்போ அண்ணன் மீதி நேரம் என்ன செய்வான் தாத்தா?'ன்னு கேக்கா. எனக்கென்ன தெரியும்? கடைசி பெஞ்சுல உக்காந்து, பேசலாமா வேண்டாமான்னு நோட்டு ஓரத்தைக் கிறுக்கிக்கிட்டு இருக்கே ஒரு முதலாம் ஆண்டுப் புள்ள, அதுக்காக எழுதின விதிலே இதெல்லாம். உனக்காக இல்ல. உனக்கு விதி இல்லாமலே தொண்டை இருக்கு.

பாயிண்ட் ஆஃப் ஆர்டரும் அப்படித்தான். அடுத்தவன் பேச்சுக்கு நடுவுலயும் எழுந்து எழுப்பலாம், ஆனா விதி மீறினாத்தான். அவன் சொல்லுதது உனக்குப் பிடிக்கலைங்கிறதுக்கெல்லாம் எழுந்திரிக்கக் கூடாது. தலைவர் தீர்ப்புச் சொல்லிட்டா அதுக்கு மேல்முறையீடு உண்டு. ஒருத்தன் கேட்டு இன்னொருத்தன் வழிமொழிஞ்சா, சபையே ஓட்டுப் போட்டுத் தீர்ப்பை மாத்திரலாம். உங்க தலைவர்கிட்ட இதைச் சொல்லிராத, பாவம், தூக்கம் போயிரும். நம்ம வீட்டுல உங்க ஆச்சி தீர்ப்புக்கு மட்டும் எந்தப் புத்தகத்துலயும் மேல்முறையீடு இல்ல.

மினிட்ஸ் உன் பொறுப்பு. நடந்ததை எழுது, பேசினதை எழுதாத. தீர்மானம் என்ன, யார் கொண்டாந்தது, ஜெயிச்சுதா தோத்துதா, அவ்வளவுதான். 'செயலாளர் எழுச்சியுரை ஆற்றினார்'னு போன மாசம் உன் கையாலேயே எழுதி வச்சிருக்கியே, எழுந்தது யாருன்னு கொஞ்சம் விசாரி.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வித்தை, நமக்கெதுக்குன்னு எவனாவது மீசையை முறுக்கினா, உத்திரமேரூர்ல வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் போய்ப் பாக்கச் சொல்லு. முதலாம் பராந்தக சோழன் காலத்துல, 919-லயும் 921-லயும் வெட்டின எழுத்து. ஊரை 30 குடும்பா, அதாவது வார்டாப் பிரிச்சு, ஊரை நடத்துற வாரியங்களுக்கு ஆளு பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, சின்னப் பையனை விட்டு எடுத்திருக்காங்க. ரெண்டாவது கல்வெட்டுப்படி 35 வயசுக்கு மேல, 70-க்குள்ள இருக்கணும். முன்னால வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்துல போடக்கூடாது. அவன் பேரு மட்டுமில்ல, அவனுக்கு மாமன் மகன், அத்தை மகன் பேரும் ஆகாது.

போன வருசச் செயலாளர் விழாக் கணக்கை இன்னும் காட்டலைன்னு போன்ல புலம்பினியே, அவன் யாருலே? உன் சொந்த அத்தை மகன். வயசை விட்டுத்தள்ளு, இந்த ஒரு காரணத்துக்கே உன் பேரு குடத்துக்குள்ள போயிருக்காது. வர்ற கூட்டத்து அஜெண்டாவுல அந்தக் கணக்கை முதல் வரியாப் போடு. 'விடு மாப்ளே, பாத்துக்கலாம்'னு அவன் மழுப்பினா என்கிட்ட அனுப்பு. நான் அவனுக்கும் தாத்தாதான்.