அழையா விருந்தாளிகள்

துறையில் கட்டிய படகில் அந்நியர் பிரவேசியாதிருக்கும்பொருட்டுப் பூட்டு, சங்கிலி, காவல்நாய், எச்சரிக்கைப் பலகை முதலிய சாதனங்களை மனித புத்தி சிருஷ்டித்திருப்பது வாஸ்தவமே. ஆயினும், பலகையை வாசிக்கத் தெரியாததும் முந்நூறு கிலோ நிறையுள்ளதுமான ஒரு பிராணி, படகுக்குப் போகும் மிதவை மேடையை மறித்துச் சாவகாசமாக வெயில் காயும்போது இவற்றுள் எது பிரயோஜனப்படும் என்பதை, 1989-ஆம் ஆண்டுப் பூகம்பத்தை அடுத்த மாதங்களில், சான் பிரான்சிஸ்கோவின் 39-ஆம் துறையில் படகு வைத்திருந்த கனவான்கள் அறிந்துகொண்டார்கள்.

வந்தவை கடற்சிங்கங்கள். குரலோ குரைப்பு, வாசனையைப் பற்றிப் பேசாதிருப்பதே நாகரிகம். அவற்றைத் துன்புறுத்தலாகாதென்று 1972-ஆம் ஆண்டின் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் விதித்திருந்தபடியால், நிபுணர்களைக் கலந்தாலோசித்து, படகுகளையே வேறிடத்துக்கு அப்புறப்படுத்தினார்கள். வாடகை கொடுத்தவர் வெளியேற, கொடாதவர் நிலைத்தனர். வேடிக்கை பார்க்க ஜனங்கள் திரண்டதும் நேற்றைய ஆக்கிரமிப்பாளரே நகரத்தின் அலங்காரமுமாயினர். 2009 நவம்பரில் 1,701 வரை பெருகிய அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி, அவ்வாண்டு முடிவதற்குள், சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. அப்போது நகரம் அடைந்த விசாரம் இருக்கிறதே, படகுக்காரர்கள் போனபோது அதில் காற்பங்குகூட யாரும் பட்டதாகத் தெரியவில்லை.